கம்பு முந்துமா, கண் முந்துமா?

முதலில் ஒரு கணக்கு. சிலம்பக் கம்பை நிலத்தில் ஊன்றினால் அது பெரும்பாலும் சுற்றுபவரின் நெற்றி மட்டத்துக்கு வரும். பெரிய ஆளுக்கு 160 சென்ரிமீற்றர் என்று வைத்துக்கொள்வோம். நடுவில் பிடித்துச் சுற்றும்போது நுனி ஓடும் வட்டத்தின் ஆரை 80 சென்ரிமீற்றர். பரிதி ஏறத்தாழ 5 மீற்றர். செக்கனுக்கு இரண்டு சுற்று என்பது பழகிய கைக்குப் பெரிய காரியமில்லை. அப்படியானால் நுனி ஒரு செக்கனில் 10 மீற்றர் ஓடுகிறது. அதாவது மணிக்கு 36 கிலோமீற்றர். குறிகட்டுவான் பஸ் சில இடங்களில் இதைவிட மெதுவாகத்தான் போகும், அதை விடுங்கள்.

அடுத்தது உங்கள் கண்ணும் கையும். 30 சென்ரிமீற்றர் அடிமட்டம் ஒன்றை எடுத்து, மேல் நுனியைச் சிநேகிதர் ஒருவரிடம் பிடிக்கக் கொடுங்கள். கீழே பூச்சியக் கோட்டுக்கு நேரே உங்கள் பெருவிரலையும் சுட்டுவிரலையும் தொடாமல் விரித்து வைத்திருங்கள். அவர் சொல்லாமல் விடவேண்டும், நீங்கள் பிடிக்கவேண்டும். 20 சென்ரிமீற்றரில் பிடித்தால் நீங்கள் எடுத்த நேரம் 0.2 செக்கன். 15இல் பிடித்தால் 0.175. பெரும்பாலானவர்கள் இந்த இரண்டுக்கும் அக்கம்பக்கத்தில்தான் நிற்பார்கள். கண் பார்த்து, மூளைக்குச் செய்தி போய், மூளை முடிவெடுத்து, அது முதுகெலும்பு வழியாகக் கைக்கு இறங்க அவ்வளவு நேரம் பிடிக்கிறது.

இரண்டு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். உங்கள் விரல் அசைய முதல், எதிராளியின் கம்பு நுனி 2 மீற்றர் ஓடி முடித்துவிடும். அடி மேலிருந்து வருமா, கீழிருந்து வருமா, இடமா, வலமா என்று தெரியாவிட்டால் மூளைக்கு இன்னும் கூடுதலான நேரம் தேவை. கண்டு தடுக்கலாம் என்று காத்திருப்பவர் அடி வாங்கியே தீரவேண்டும். ஆனால் திருவிழாவில் நீங்கள் பார்த்த சிலம்பக்காரர் அடி வாங்கவில்லையே! அது எப்படி?

கிரிக்கெட்டிலும் இதே புதிர் இருக்கிறது. வேகப் பந்து ஒன்று துடுப்பாட்டக்காரரை வந்தடைய அரைச் செக்கன்கூட ஆவதில்லை. மைக்கல் லாண்ட், பீற்றர் மக்லியொட் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2000ஆம் ஆண்டில் துடுப்பாட்டக்காரர்களின் தலையில் சிறு கமராவைப் பொருத்தி, கண் எங்கே பார்க்கிறது என்று பதிந்தார்கள். பந்தையே கடைசிவரை பார்ப்பார்கள் என்றுதானே நினைப்போம். அவர்களின் கண், பந்து நிலத்தில் குத்தப்போகும் இடத்துக்கு முன்கூட்டியே பாய்ந்து அங்கே காத்திருந்தது. கெட்டிக்கார ஆட்டக்காரரின் கண் இன்னும் வேளைக்கே பாய்ந்தது. சிலம்பக்காரரும் கம்பு நுனியைத் துரத்துவதில்லை. எதிராளியின் தோளும் இடுப்பும் கால் வைப்பும் அடி புறப்பட முதலே கதையைச் சொல்லிவிடுகின்றன.

உங்கள் உடம்பும் எந்நேரமும் இப்படி முன்கூட்டியே கணித்துக்கொண்டுதான் இருக்கிறது. தண்ணீர் நிறைந்திருக்கிறது என்று நினைத்து வெறும் வாளியைத் தூக்கியிருக்கிறீர்களா? வாளி நெஞ்சு மட்டத்துக்கு எகிறி வரும். பாரம் இவ்வளவு இருக்கும் என்று மூளை தூக்க முதலே தீர்மானித்து, அதற்கேற்ற பலத்தைக் கையில் ஏற்றி வைத்திருந்தது, கணிப்புப் பிழைத்துவிட்டது. உங்களை நீங்களே கிச்சுக்கிச்சு மூட்டினால் சிரிப்பு வராததற்கும் காரணம் இதுதான். விரல் எங்கே படப்போகிறது என்று மூளைக்கு முதலே தெரியும்.

தற்காப்புக் கலை பழகுவது என்றால் இந்தக் கணிப்பைச் சிறுகச் சிறுகச் சரியாக்குவது. அதற்கு ஏன் இவ்வளவு காலம் எடுக்கிறது, மாஸ்டர்மார் ஏன் அடுத்த பாடத்தைக் காட்டாமல் இழுத்தடிக்கிறார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

யாழ்ப்பாணத்தில் இருந்து பண்ணைப் பாலம் தாண்டி, அல்லைப்பிட்டியையும் கடந்தால் மண்கும்பான். வெள்ளை மணல், பனை, காற்று. அந்த மணலில் கம்பு பழகத் தொடங்கும் பிள்ளை ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பைச் சுழற்றும் ஆசையோடு வந்த பிள்ளைக்குக் கம்பே கிடைக்கவில்லை. சிலம்பத்தில் பல ஆசான்மார் முதலில் காலடி வரிசையைத்தான் பழக்குவார்கள். முன்னே ஒன்று, பக்கத்தில் ஒன்று, திரும்பு, மறுபடி முன்னே. இரண்டு கிழமை போனதும் பிள்ளை கேட்கும்:

“மாஸ்டர், இது எனக்கு விளங்கீற்றுது. அடுத்ததைக் காட்டுங்கோவன்.”

“உனக்கு விளங்கீற்றுது, சரி. உன்ரை காலுக்கு விளங்கீற்றுதோ?”

இதைப் பகிடி என்று நினைக்கவேண்டாம். விளங்குவதும் பழகுவதும் மூளையில் வேறு வேறு இடத்து வேலைகள். அதை உலகத்துக்கு முதலில் தெளிவாகக் காட்டியவர்களில் ஒருவர், ஒரு நோயாளி.

அவர் பெயர் ஹென்றி மொலைசன். அமெரிக்கர். அவருக்குக் கடுமையான வலிப்பு நோய் இருந்தது. 1953இல், 27 வயதில், அதைக் குணப்படுத்த அவருடைய மூளையின் இரு பக்கங்களிலும் இருந்து ஒரு பகுதியை வெட்டி எடுத்தார்கள். வலிப்புக் குறைந்தது. ஆனால் அன்றிலிருந்து நடந்த எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. காலையில் பேசிவிட்டுப் போனவர் சற்று நேரத்தில் திரும்பி வந்தால், புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவருக்கு ஒரு வேலை கொடுத்தார். தாளில் இரட்டைக் கோட்டால் கீறிய நட்சத்திரம் ஒன்று. அந்த இரண்டு கோடுகளுக்கும் இடையால் பென்சிலை ஓட்டவேண்டும். ஆனால் தாளையோ கையையோ நேரே பார்க்க முடியாது. கண்ணாடியில் தெரியும் விம்பத்தைப் பார்த்துத்தான் கீறவேண்டும். எல்லாருக்கும் இது முதலில் கோணலாகத்தான் வரும். மொலைசனுக்கும் வந்தது. மூன்று நாள் பழகினார். மூன்றாம் நாள் கோடு அழகாக ஓடியது. ஆனால் அப்படி ஒரு வேலையைத் தன் வாழ்நாளில் செய்ததாகவே அவருக்கு நினைவில்லை!

அவருக்குத் தெரியாததை அவர் கை தெரிந்து வைத்திருந்தது. நமக்கு நடப்பது இதன் மறுபுறம். மாஸ்டர் காட்டியது தலைக்கு ஒரு நிமிடத்தில் ஏறிவிடுகிறது. கைகால்களுக்கு மாதக்கணக்கு எடுக்கிறது. முந்தியது பிந்தியதுக்காகக் காத்திருக்கிற இடைவெளியில்தான் நமக்குப் பொறுமை கெடுகிறது.

கைகால்களின் பாடம் மூளையின் பல இடங்களில் எழுதப்படுகிறது. அவற்றில் முக்கியமானது பிடரிப் பக்கத்தில், பெரிய மூளைக்குக் கீழே இருக்கும் சிறுமூளை. உங்கள் விஞ்ஞானப் புத்தகத்தில் ‘மூளி’ என்று பெயர் போட்டிருக்கும். மூளையின் பாரத்தில் இது பத்தில் ஒரு பங்குதான். ஆனால் மனித மூளையில் உள்ள ஏறத்தாழ 8,600 கோடி நரம்புக்கலங்களில் 6,900 கோடி அளவில் இங்கேதான் நெருக்கியடித்துக் கிடக்கின்றன. பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் 2009இல் வெளியிட்ட கணக்கு இது. அந்தக் கூட்டத்துக்குள் பேர்க்கிஞ்சிக் கலம் என்று ஒரு வகை உண்டு. விசிறியாகக் கிளை விரித்து நிற்கும் ஒவ்வொரு கலத்துக்கும் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட இணைப்புகள் வந்து சேர்கின்றன: கால் எங்கே நிற்கிறது, தோள் எவ்வளவு திரும்பியிருக்கிறது, கம்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று செய்திக்கு மேல் செய்தி. இவ்வளவுக்கும் நடுவே இன்னொரு நார் தனியே ஏறி வந்து அந்தக் கலத்தைச் சுற்றிக்கொண்டிருக்கும். அது கொண்டுவருவது பெரும்பாலும் ஒரே செய்திதான்: ‘நினைத்தபடி நடக்கவில்லை, பிழை.’

பிழைச் செய்தி வந்தவுடன் என்ன நடக்கிறது என்பதை ஜப்பானிய ஆய்வாளர் மசாவோ இத்தோவும் அவருடைய குழுவினரும் 1982இல் காட்டினார்கள். அந்தக் கணத்தில் வேலை செய்துகொண்டிருந்த இணைப்புகள் சற்றுத் தளர்ந்துவிடுகின்றன. சிறுமூளை படிப்பதில் ஒரு பகுதி இப்படித்தான்: பிழைக்குக் காரணமாய் இருந்த வழியைக் கொஞ்சம் அடைத்துவிடுவது.

இந்தக் ‘கொஞ்சம்’ என்ற சொல்லில்தான் விசயம் இருக்கிறது. ஒரு பிழையிலேயே முழுவதையும் திருத்திவிட்டால் என்ன?

மண்கும்பானில் சோளகக் காற்று வீசும் மாதங்களை நினைத்துப் பாருங்கள். பிள்ளை கம்பைச் சரியாகத்தான் சுற்றுகிறது. பக்கவாட்டில் ஒரு காற்று அடித்துக் கம்பு ஒரு சாண் விலகிப் போகிறது. சிறுமூளைக்குப் போகும் செய்தி, பிழை. காற்றின் பிழையா, கையின் பிழையா என்று அந்த ஒரு சுற்றை வைத்துச் சொல்லவே முடியாது. அவசரப்பட்டு முழுதாகத் திருத்தினால், காற்று ஓய்ந்த அடுத்த சுற்றில் கம்பு மறுபக்கம் ஒரு சாண் விலகும். அதையும் முழுதாகத் திருத்தினால், அதற்கடுத்த சுற்று வேறெங்கோ போகும். இப்படியே போனால் கை ஒருநாளும் ஓரிடத்தில் நிலைக்காது. ஒவ்வொரு தடவையும் கொஞ்சமாகத் திருத்தினால் நடப்பது வேறு. காற்று ஒருநாள் இப்படியும் ஒருநாள் அப்படியும் தள்ளும். நூற்றுக்கணக்கான சுற்றுகளில் அந்தத் தள்ளல்கள் ஒன்றையொன்று கழித்துவிடும். எல்லாச் சுற்றிலும் மாறாமல் வருகிற பிழை மட்டும் மிஞ்சும். அதுதான் உங்கள் பிழை. அதைத்தான் திருத்தவேண்டும். மெதுவாகப் படிப்பது மூளையின் சோம்பேறித்தனம் இல்லை. எது தன் பிழை, எது காற்றின் பிழை என்று பிரித்தறிய அதற்கு இருக்கும் வழி அது.

இதில் இன்னொன்றும் இருக்கிறது. பிழைச் செய்தி போகாத பழக்கம் எதையும் திருத்தாது. வாயில் பாட்டும் கண்ணில் வீதியுமாக ஆயிரம் சுற்றுச் சுற்றினால், பழகியது ஆயிரம் தடவை அந்த அசட்டைச் சுற்றுத்தான். பொறுமை என்றால் நாளை எண்ணிக்கொண்டு இருப்பது என்று சிலர் நினைக்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

மணலில் கால் பழகுவதன் அருமை இங்கேதான் தெரியும். சீமெந்து நிலத்தில் கால் வைத்த இடம் தெரியாது. மணல் எழுதி வைத்துவிடும். பாதம் பதிந்த குழியின் விளிம்பு வெட்டியெடுத்ததுபோல் இருந்தால் காலைத் தூக்கி வைத்திருக்கிறீர்கள். குழியில் இருந்து வால்போல ஒரு கீறு நீண்டு கிடந்தால் இழுத்திருக்கிறீர்கள். குதிப்பக்கம் ஆழமாகவும் விரல் பக்கம் மேலோட்டமாகவும் இருந்தால் உடம்பின் பாரம் பின்னே சரிந்து கிடக்கிறது. முன்னே பாய நினைத்தாலும் பிந்தித்தான் பாய்வீர்கள். வரிசை முடிந்ததும் நாலடி தள்ளி நின்று தன் காலடியைத் தானே பார்க்கிற பிள்ளைக்கு மாஸ்டர் பாதி வாய் திறந்தால் போதும்.

மணலுக்கு ஒரு விலையும் உண்டு. கடினமான நிலத்தில் நடப்பதோடு ஒப்பிட்டால், அதே வேகத்தில் மணலில் நடக்க உடம்பு 2.1 முதல் 2.7 மடங்கு சக்தியைச் செலவழிக்கிறது என்று பெல்ஜியத்து ஆய்வாளர்கள் 1998இல் அளந்து சொன்னார்கள். கால் வேளைக்கே களைக்கும். களைத்த காலோடு பழகினால் களைத்த காலடியே பழகிவிடும்; ஆகவே மணலில் பழகுபவர் அடிக்கடி இருந்து எழும்பவேண்டும்.

சரி, ஒருவழியாகக் கம்பு கைக்கு வந்துவிட்டது. முதல் நாள் யாருடைய கையையும் பாருங்கள்: விரல் வெளிறிப்போகும் அளவுக்கு இறுக்கிப் பிடித்திருப்பார்கள்; தோள் காதுவரை உயர்ந்திருக்கும்; முழங்கை விறைத்திருக்கும். “பிடியை இறுக்காதை பிள்ளை, கம்பு எங்கையும் ஓடாது.” சொல்வது லேசு. தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல் மூட்டுகள் என்று இத்தனையையும் ஒரே நேரத்தில் ஆள மூளைக்குத் தெரியாது. ஆகவே பாதி மூட்டுகளைப் பூட்டிவிட்டு மீதியோடு வேலை பார்க்கிறது. கையை மடக்குகிற தசையும் நீட்டுகிற தசையும் ஒன்றோடொன்று இழுபறிப்படுவதால்தான் புதிதாகப் பழகுபவருக்குப் பத்து நிமிடத்தில் கை வலிக்கிறது. நாட்கள் போகப் போகப் பூட்டுகள் ஒவ்வொன்றாகக் கழரும்.

நிக்கொலாய் பேர்ன்ஸ்டைன் என்ற ரஷ்ய ஆய்வாளர் 1920களில் மொஸ்கோவில் சுத்தியல் அடிக்கும் தொழிலாளர்களைப் படம்பிடித்தார். சுத்தியலிலும் கை மூட்டுகளிலும் சின்னச் சின்ன மின்குமிழ்களைக் கட்டி, அந்த ஒளி ஓடும் தடத்தைப் பதிந்தார். கைதேர்ந்தவரின் சுத்தியல் ஒவ்வொரு முறையும் குறி தவறாமல் விழுந்தது. ஆனால் முழங்கையும் தோளும் ஒவ்வொரு முறையும் சற்று வேறு வழியால் போயின! ஒரு மூட்டுச் சறுக்கியதை இன்னொரு மூட்டு ஈடுகட்டிவிடுகிறது. ஆசான் சுற்றுவதைப் பார்க்கும்போது ஒரே சுற்றையே திரும்பத் திரும்பச் செய்வதாகத் தெரியும். உள்ளே ஒவ்வொரு சுற்றும் புதிதாகச் செய்யப்படுகிறது. பிடியைக் கம்பின் நடுவில் இருந்து நுனிக்கு மாற்றினால் சுழற்றும் பாரம் நாலு மடங்காகிவிடும். அப்படி மாற்றியும் தடுமாறாமல் நிற்பதற்குக் காரணம் இந்த ஈடுகட்டல்தான்.

இடையில் ஒரு காலம் வரும். எவ்வளவு பழகினாலும் முன்னேற்றம் இல்லாததுபோல் இருக்கும். பலர் கம்பைக் கோடியில் சாத்துவது அப்போதுதான். 1897இல் பிரையன், ஹாட்டர் என்ற இரண்டு அமெரிக்கர் தந்தி பழகுபவர்களைக் கிழமைக்குக் கிழமை அளந்தபோது இதைக் கண்டார்கள். செய்தியைக் கேட்டு எழுதும் வேகம் ஏறிக்கொண்டே வந்து, ஓரிடத்தில் வாரக்கணக்காகத் தேங்கி நின்றது. பிறகு மறுபடி ஏறியது. முதலில் ஒவ்வோர் எழுத்தாகக் கேட்டவர்கள், தேங்கி நின்ற காலத்தில் சொல்லைச் சொல்லாகவே கேட்கப் பழகிக்கொண்டிருந்தார்கள் என்று விளக்கம் சொன்னார்கள். எல்லாருக்கும் இப்படித் தேக்கம் வந்தே தீரும் என்பதைப் பிற்கால ஆய்வுகள் ஏற்கவில்லை. வந்தால் அதை முடிவு என்று எடுக்கவேண்டாம், அவ்வளவுதான்.

உங்களுக்குப் பிடிக்கப்போகும் ஒரு செய்தி: பழக்கத்தில் ஒரு பங்கை நித்திரை செய்து தருகிறது. விரல்களால் எண் வரிசை ஒன்றை வேகமாகத் தட்டப் பழகியவர்களை மத்தியூ வாக்கரும் கூட்டாளிகளும் சோதித்து 2002இல் எழுதினார்கள். மாலையில் பழகி, இரவு தூங்கி எழுந்தவர்களின் வேகம், இடையில் ஒரு தடவையும் தட்டிப் பார்க்காமலேயே ஐந்தில் ஒரு பங்கு அளவு கூடியிருந்தது. ஆகவே ஒரு நாளில் பத்து மணித்தியாலம் பழகினால் ஒரு நித்திரைதான் கிடைக்கும்; பத்து நாளுக்குப் பிரித்துப் பழகினால் பத்து நித்திரை.

பிரித்துப் பழகுவதன் பலனைப் பிரித்தானிய அஞ்சல் துறை தபால்காரர்களை வைத்தே கண்டது. கடிதங்களைப் பிரிக்கும் புதிய இயந்திரத்துக்காக அவர்கள் தட்டச்சுப் பழகவேண்டி வந்தது. அலன் பாட்லி, லோங்மன் என்ற ஆய்வாளர்கள் அவர்களைக் குழுக்களாகப் பிரித்தார்கள். 1978இல் முடிவு வெளிவந்தது. நாளுக்கு ஒரு மணித்தியாலம் பழகிய குழு, எழுத்துப்பலகையைக் கற்க ஏறத்தாழ 35 மணித்தியாலம் எடுத்தது. நாளுக்கு நாலு மணித்தியாலம் பழகிய குழுவுக்கு ஏறத்தாழ 50 மணித்தியாலம் தேவைப்பட்டது. இதில் வேடிக்கை என்ன தெரியுமா? குறைந்த உழைப்பில் கற்ற அந்த ஒரு மணித்தியாலக் குழுதான் எல்லாரிலும் கூடுதலாக முணுமுணுத்தது. மற்றவர்கள் நாள் கணக்கில் முந்திப் போவது அவர்களுக்குத் தெரிந்ததுதான் காரணம்.

கறாட்டி பழகுபவர்களிடமும் இந்த முணுமுணுப்பு உண்டு. அது பெரும்பாலும் பட்டி நிறத்தைப் பற்றியதாக இருக்கும். நிறம் நிறமாகப் பட்டி கட்டுவது யூடோவில் இருந்து வந்த வழக்கம். அது அவ்வளவு பழைய வழக்கமும் இல்லை. ஒக்கினாவா என்ற தீவில் பிறந்து, 1922இல் ஜப்பான் தலைநகருக்குக் கறாட்டியைக் கொண்டுபோன கிச்சின் ஃபுனகோஷி பழகிய நாளில் நிறப்பட்டி கிடையாது. மூன்றே மூன்று அசைவு வரிசைகளைப் பழகத் தனக்குப் பத்து ஆண்டு சென்றதாக அவர் எழுதியிருக்கிறார். அத்தனை ஆண்டும் எல்லாருக்கும் வேண்டுமா என்று கேட்டால், எனக்கும் அது சற்றுக் கூடுதலாகத்தான் படுகிறது.

ஒரு எச்சரிக்கை. தசை சில கிழமைகளில் பலக்கும். தசையை எலும்போடு கட்டியிருக்கும் தசைநாண் அவ்வளவு விரைவில் பலக்காது, மாதங்கள் எடுக்கும். உங்கள் வயதில் எலும்பு நுனிகளில் வளரும் பகுதி இன்னும் மென்மையாகவே இருக்கிறது. மணிக்கட்டோ முழங்காலோ ஒரே இடத்தில் நாள்தோறும் நொந்தால் மாஸ்டரிடம் சொல்லுங்கள். உள்ளங்கைக் காய்ப்பைச் சிநேகிதர்களுக்குக் காட்டிப் பெருமைப்படலாம். மூட்டு நோவை மறைப்பதில் பெருமை இல்லை.

கம்பு இல்லாத பிள்ளைகளுக்கும் ஒரு வேலை வைத்திருக்கிறேன். கொப்பித் தாளில் இரட்டைக் கோட்டு நட்சத்திரம் ஒன்று கீறுங்கள். கோடுகளுக்கு இடையே அரைச் சென்ரிமீற்றர் இருக்கட்டும். எதிரே முகம் பார்க்கும் கண்ணாடியை நிமிர்த்தி வைத்து, கையை நேரே பார்க்கமுடியாதபடி மேலே ஓர் அட்டையால் மறையுங்கள். கண்ணாடியைப் பார்த்து, கோட்டில் முட்டாமல் ஒரு சுற்று வாருங்கள். முட்டிய தடவைகளை எண்ணி, எடுத்த நேரத்தையும் திகதியையும் தாளின் மூலையில் குறியுங்கள். ஒரு நாளைக்கு இரண்டு நட்சத்திரம் மட்டும், மொத்தம் இருபது. இருபதையும் ஒரே பின்னேரத்தில் கீறி முடித்துவிட்டு, பலன் ஒன்றும் தெரியவில்லை என்று எனக்குக் கடிதம் போடக்கூடாது. தபால்காரர் கதையை இப்போதுதான் சொன்னேன்.